நெதர்லாந்தில் பஸ்ஸை நடத்துவது யார்? கேள்வி பதில்

கேள்வி: டிசம்பரில் எங்கள் ஊர் பஸ்ஸின் நிறமும் பெயரும் ஒரே நாளில் மாறிவிட்டன. பழைய கம்பெனி நொடித்துப்போய்விட்டதா?

இல்லை, அதன் ஒப்பந்தம் முடிந்திருக்கும். 2001 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பயணிகள் போக்குவரத்துச் சட்டப்படி, ஒரு வட்டாரத்தின் பஸ் சேவை மொத்தமும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரே கம்பெனியிடம் போகும். டெண்டர் விடுவது மாகாணம். ஆம்ஸ்டர்டாம் பகுதியிலும் ராட்டர்டாம்–தி ஹேக் பகுதியிலும் மட்டும் இதற்கென்றே தனி அமைப்புகள் உண்டு. ஐரோப்பிய விதிப்படி பஸ்ஸுக்குப் பொதுவாக 10 ஆண்டு, ரயிலுக்கு 15 ஆண்டு உச்சவரம்பு. ரயில் கால அட்டவணை மாறுவது டிசம்பரில் என்பதால் கைமாற்றமும் பெரும்பாலும் அப்போதே நடக்கும்.

கேள்வி: ஆனால் ஓட்டுநர் பழைய ஆள்தானே?

ஆமாம், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஒப்பந்தத்தை வென்ற கம்பெனி, அந்தச் சேவையில் இருந்த ஊழியர்களையும் சேர்த்தே ஏற்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது. இல்லாவிட்டால் ஒவ்வொரு டெண்டரும் ஓட்டுநர்களின் வயிற்றில்தான் அடிக்கும்.

கேள்வி: எங்கள் தெரு நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். கம்பெனிக்கு எழுதினால் "ஒப்பந்தத்துக்கு உட்பட்டுத்தான் செய்தோம்" என்று பதில் வருகிறது. யாரிடம் போவது?

மாகாணத்திடம் போங்கள். எந்த ஊருக்கு எத்தனை மணி வரை பஸ் ஓட வேண்டும், எவ்வளவு இடைவெளியில் வர வேண்டும் என்ற குறைந்தபட்சத் தேவைகளை டெண்டர் ஆவணத்தில் எழுதுவது அவர்கள்தான். அதற்குள் அட்டவணை போடுவது கம்பெனி. ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டுக்கான வரைவு வரும்போது, ரோகோவ் எனப்படும் பயணிகள் ஆலோசனைக் குழுவிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். நிறுத்தம் போன பிறகு கத்துவதைவிட, வரைவு வந்ததும் அந்தக் குழுவுக்கு எழுதுவது பலமடங்கு பயன் தரும். "எனக்கு வசதியில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த நிறுத்தத்தை நம்பியிருக்கும் பள்ளி, முதியோர் இல்லம், அடுத்த நிறுத்தம் எவ்வளவு தூரம் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். டச்சுக் குடியுரிமை இருந்தால் மாகாணத் தேர்தலில் வாக்களியுங்கள். இதற்கான கொள்கையை வகுப்பது அதில் தேர்ந்தெடுக்கப்படும் மாகாண அவைதான்.

தாமதம், தவறாகப் பிடித்த கட்டணம் போன்றவற்றுக்கு முதலில் கம்பெனிதான். அங்கே தீராவிட்டால் ஓவி-லோகெட் என்ற சுயேச்சையான அமைப்பு இருக்கிறது.

கேள்வி: டிக்கெட் காசு யாருக்கு?

பெரும்பாலான ஒப்பந்தங்களில் கம்பெனிக்கே. பற்றாக்குறைக்கு மாகாணம் மானியம் தரும். அதனால்தான் கொரோனா காலத்தில் பயணிகள் குறைந்ததும் கம்பெனிகள் திணறின. மத்திய அரசு தனியாக உதவ வேண்டியிருந்தது. கிலோமீட்டர் கட்டணம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். ஆனால் இறங்கி 35 நிமிடத்துக்குள் அடுத்த வண்டி ஏறினால், அது வேறு கம்பெனி பஸ்ஸாக இருந்தாலும், தொடக்கக் கட்டணம் மறுபடி பிடிக்கமாட்டார்கள்.

கேள்வி: லேவார்டன்–க்ரோனிங்கன் ரயிலில் ஏன் ஆரீவா என்ற கம்பெனியின் பெயர் எழுதியிருக்கிறது?

அது மாகாணங்கள் டெண்டர் விட்ட வட்டாரப் பாதை. முக்கிய ரயில் வலையமைப்பை மட்டும் மத்திய அரசு டெண்டர் இல்லாமல் நேரடியாகத் தேசிய ரயில் நிறுவனமான என்எஸ்ஸிடம் தருகிறது. இப்போதைய ஒப்பந்தம் 2025 முதல் 2033 வரை. இரண்டு வகைப் பாதைகளின் தண்டவாளத்துக்கும் ப்ரோரெயில் என்ற அமைப்பு பொறுப்பு.

கேள்வி: ஆம்ஸ்டர்டாமின் நகரப் போக்குவரத்துக் கம்பெனியான ஜிவிபி எந்த டெண்டரில் வென்றது?

எதிலும் இல்லை. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், தி ஹேக் மூன்றும் நகரத்தின் சொந்தக் கம்பெனிக்கே நேரடியாகக் கொடுக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது.

கேள்வி: இந்த டெண்டர்களை நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம், ஆனால் கண் வைக்க வேண்டும். லிம்பர்க் மாகாணத்தில் என்எஸ்ஸின் துணை நிறுவனம் முதலில் வென்றது. அதன் முறைகேடு 2015இல் வெளிவந்ததும் என்எஸ் தலைமை நிர்வாகி பதவி விலகினார். ஒப்பந்தம் ஆரீவாவுக்குப் போய், 2016 டிசம்பரில் சேவை தொடங்கியது.

கேள்வி: எங்கள் கிராமத்துக்குப் பஸ்ஸே இல்லை. வழி உண்டா?

பூர்ட்பஸ் பற்றி விசாரியுங்கள். 8 பயணிகள் அமரும் சிறு வண்டி. ஊர்த் தன்னார்வலர்கள் முறை வைத்து ஓட்டுவார்கள், சாதாரணக் கார் உரிமம் போதும். வண்டியைப் பொதுவாக அந்த வட்டாரக் கம்பெனிதான் தரும். ஓட்ட ஆட்கள் தயாராக இருக்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியலோடு மாகாணத்தை அணுகுங்கள்.