அதிகாலையில் நடந்தால் ஏன் இழுப்பு வருகிறது?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு 61 வயது. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலை ஆறேகாலுக்குத் தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்கு நடக்கப் போகிறார். ஜூன் பிறந்ததிலிருந்து நடந்து முடிப்பதற்குள் இருமலும் இழுப்பும் வந்துவிடுகிறது. புகைமூட்டம் எதுவும் இல்லை. ஐபியு எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்த்தால் 60, 65 என்றுதான் காட்டுகிறது. நல்ல மழை பெய்த மறுநாள் மட்டும் சிரமமில்லாமல் நடக்கிறார். காலைக் காற்று உடம்புக்கு நல்லது என்றுதானே சொல்வார்கள்? நடையை நிறுத்தச் சொல்லட்டுமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நடையை நிறுத்த வேண்டாம் அம்மா, நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் நன்றாக இருக்கிறார் என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

காலைக் காற்று நல்லது என்பது மரமும் மண்ணுமாக இருந்த தோட்டப்புறத்துக்குச் சரி. காரும் லோரியும் மோட்டார் சைக்கிளும் நெரிக்கும் கோலாலம்பூரில், அதுவும் மழை குறைந்த மாதங்களில், காற்று மிகவும் கெட்டிருக்கும் நேரங்களில் ஒன்று காலை 7 முதல் 9 மணி வரை. இதற்கு வண்டிகள் மட்டும் காரணமில்லை. மாலையிலும் அதே வண்டிகள்தானே ஓடுகின்றன? வானிலையும் சேர்ந்துகொள்கிறது.

மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிரும். அதற்கு மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது; தானாக மேலே ஏறாது. ஆக, ஊருக்கு மேல் ஒரு மூடி போட்டதுபோல் ஆகிவிடுகிறது. வண்டிகள் விடும் புகை அந்த மூடிக்குக் கீழேயே தேங்கும். புல்வெளியும் திறந்தவெளியும் சிமெண்டுக் கட்டடங்களைவிட வேகமாகக் குளிரும் என்பதால், பூங்கா என்றாலே சுத்தமான காற்று என்று நம்பிவிட முடியாது. ஜாலான் துன் ரசாக்கும் ஜாலான் பகாங்கும் அந்த ஏரிக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கின்றன.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். காற்றடிக்காத ஒரு விடியற்காலையில் யாராவது காய்ந்த இலையைக் கொளுத்தினால் கவனியுங்கள். புகை கொஞ்ச தூரம் எழும்பி, கூரை உயரத்தில் அப்படியே படுத்துக்கொண்டு பக்கவாட்டில் பரவும். மத்தியானம் இரண்டு மணிக்கு அதே புகை மேலே போய்க் கலைந்துவிடும். வெயிலில் தரை சூடாகி, காற்று மேலெழும்பி, பல நூறு மீட்டர் உயரம் வரை, சில நாட்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேலே, எல்லாம் கலந்துவிடுவதுதான் காரணம். புகையின் அளவு ஒன்றுதான், அது கரைய இடம் கிடைக்கிறது.

நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. கோலாலம்பூரில் சூரியன் உதிப்பதே ஏறத்தாழ 7 மணிக்குத்தான், சில மாதங்களில் ஏழரைகூட ஆகிவிடும். ஆனால் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் ஆறு ஆறரைக்கே சாலையில் இறங்கிவிடுகிறார்கள். வெயில் வந்து அந்த மூடியைத் திறக்க ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். இடைப்பட்ட நேரத்து நெரிசல் புகை முழுவதும் உள்ளேயே நிற்கும். உங்கள் கணவர் மூச்சு வாங்க நடப்பது சரியாக அந்த நேரத்தில்தான். வேகமாக நடக்கும்போது உள்ளே இழுக்கும் காற்றும் பல மடங்கு கூடும், பலர் வாயாலும் மூச்சு விடுவார்கள். ஏற்கெனவே சுருங்கப் பழகிய மூச்சுக்குழாய் அதைத் தாங்காது.

கோலாலம்பூரும் சுற்றியுள்ள ஊர்களும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் அமைப்பும் இதற்குத் தோதாக இருக்கிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே மலாக்கா நீரிணை. பகலில் கடற்காற்று கிள்ளான், ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா வழியாக அங்கங்கே உள்ள புகையையும் சேர்த்துக்கொண்டு நம் பக்கம் வரும். மலை அதை எளிதில் தாண்ட விடாது.

அப்படியானால் ஐபியு ஏன் 60 என்று காட்டுகிறது என்று கேட்பீர்கள். அந்த எண் பொய்யில்லை. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளை 2018 முதல் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் துகளுக்கான கணக்கு கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. காலை ஏழரைக்கு ஏறி, பத்து மணிக்கு இறங்கிவிடும் அளவு அந்தச் சராசரியில் கரைந்துபோகும். அதோடு 51 முதல் 100 வரை 'மிதமான' நிலை. ஆரோக்கியமானவருக்குப் பரவாயில்லை, ஆஸ்துமாக்காரருக்கு அப்படிச் சொல்ல முடியாது. 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் பிஎம் 2.5 போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது.

மழை பெய்த மறுநாள் அவர் நன்றாக இருப்பது ஏன்? மழை துகளைக் கழுவுகிறது. பெரிய துகளை நன்றாகக் கழுவும், மிக நுண்ணியதைக் குறைவாக. ஆனால் இடியோடு வரும் மழை மேலிருந்து குளிர்ந்த காற்றைக் கீழே இறக்கித் தேங்கியதைக் கலைத்தும் விடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நமக்கு மழை குறைவு என்பதால் அந்தச் சுத்தம் அடிக்கடி நடப்பதில்லை.

சரி, எப்போது நடப்பது? ஒன்பதரை மணிக்குமேல் நிழலான பாதையில் நடக்கட்டும். மழை பெய்து ஓய்ந்த மாலை இன்னும் நல்லது. நண்பகல் கழிந்து நான்கு மணி வரை வேண்டாம். வண்டிப் புகையிலுள்ள வாயுக்கள் சுட்டெரிக்கும் வெயிலில் ஓசோனாக மாறும், அதுவும் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். எந்த நேரமானாலும் பெரிய சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி நடக்கிறாரோ அவ்வளவு நல்லது.

சுமத்ராவில் கரிச்சதுப்பு நிலம் எரிந்து புகைமூட்டம் வரும்போது இந்த நேரக் கணக்கு செல்லாது. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலா சிலாங்கூரிலும் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். 2015-இலும் 2019-இலும் பள்ளிகளையே மூடினார்கள். ஐபியு 100-ஐத் தாண்டினால் அவர் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். வெளியே போயே ஆகவேண்டும் என்றால் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 கவசம் வேண்டும், துணிக் கவசம் நுண்துகளைத் தடுக்காது.

மருந்து விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. இழுப்பு வரும்போது உடனடி நிவாரணத்துக்கான நீலப் பம்ப்பை (இன்ஹேலர்) மட்டும் போட்டுச் சமாளிக்கிறாரா? அது போதாது. உள்ளிருக்கும் வீக்கத்தை அடக்கும் தடுப்புப் பம்ப்பும் சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் சொல்கிறது. தடுப்புப் பம்ப் போட்டபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாய்ப்புண் வரும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள், பெரின்டோபிரில் போன்ற சில மாத்திரைகளே வறட்டு இருமலைக் கொண்டுவரும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்திருந்தால் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கட்டாயம். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ கால் வீங்கினாலோ இதயத்தையும் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில் நடந்த நேரம், முந்தின நாள் மழை பெய்ததா, நீலப் பம்ப் எத்தனை முறை என்று எழுதி வரட்டும். அதை அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, அங்கேயே ஒருமுறை பம்ப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பலர் அழுத்திய பிறகு மூச்சை இழுக்கிறார்கள், மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பம்ப் போட்டும் கால் மணி நேரத்தில் இழுப்பு அடங்காவிட்டாலோ கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள்.