தேயிலையும் மாடும் வைத்துக்கொண்டு பக்தியாய் வாழ்வது எப்படி?

“ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. ஆனால் திங்கள் முதல் சனி வரை பக்தி ஒட்டவே மாட்டேன் என்கிறது. குன்னூர் பக்கம் சிறு தேயிலை விவசாயி. எங்கே தொடங்குவது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அநேகமாக டிசம்பர் 31 இரவு ஆராதனையில், இந்த வருஷம் முழு வேதாகமமும் வாசிப்பதாகத் தீர்மானம் எடுத்தவராக இருப்பீர்கள். வாரநாளில் 3 அதிகாரம், ஞாயிறு 5. அப்படிப் போனால் 52 வாரத்தில் 1,189 அதிகாரமும் முடியும், கணக்கில் தப்பில்லை. ஆனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 தாண்டி லேவியராகமத்தில் கால் வைக்கும்போது ஜனவரி கடைசி. வெளியே உறைபனி, உள்ளே பலி முறைமைகள். இரண்டு நாள் தவறினாலே 6 அதிகாரம் பாக்கி. பாக்கி ஏறிய பிறகு புத்தகத்தைத் திறக்கவே கூச்சமாகிவிடும்.

அதனால் முதல் வருஷம் புதிய ஏற்பாடு மட்டும் போதும். 260 அதிகாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று. சரியாக 52 வாரம். மீதி இரண்டு நாள் விட்டுப்போனதைப் பிடிக்க. கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் இந்த இரண்டு நாள்தான் உங்களைக் காப்பாற்றும். சத்தமாக வாசியுங்கள், அடுப்படியில் உட்கார்ந்து. கம்பளிக்குள் இருந்துகொண்டு ஜெபிப்பவர் அரை ஜெபத்தில் தூங்கிவிடுவார். போனில் வாசிக்க வேண்டாம்; இலை விலை என்னவென்று பார்க்கக் கை போய்விடும்.

ஜெபத்துக்குப் பத்து நிமிஷம் போதும். முதலில் துதியும் பாவ அறிக்கையும், பிறகு நன்றி, விண்ணப்பம் கடைசியில். விண்ணப்பத்தை முன்னால் விட்டால் நேரம் முழுவதையும் அதுவே தின்றுவிடும். குடும்ப ஜெபத்தைச் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள், சாப்பிட்டால் பிள்ளைகள் சாய்ந்துவிடுவார்கள்.

இனி முக்கியமான விஷயம். எல்லாரும் தாண்டி ஓடும் அந்த லேவியராகமத்தில் 19ஆம் அதிகாரத்தை மட்டும் இந்த வாரமே வாசியுங்கள். 37 வசனம்தான். உங்கள் திங்கள் முதல் சனி வரை அதில் இருக்கிறது.

13ஆம் வசனம் கூலியைப் பற்றியது. கொழுந்து பறித்தவர்களின் கூலியை, பேக்டரி பணம் அடுத்த மாதம்தான் வரும் என்று சொல்லி இழுக்காதீர்கள். கையில் ஒரு சுற்றுப் பறிப்புக்கான கூலியைத் தனியாக வைத்துக்கொண்டு பிறகு ஆள் கூப்பிடுங்கள். முடியாதென்றால் என்றைக்குத் தருவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சம்மதித்தால் மட்டும்.

35, 36 எடையைப் பற்றியது. மழை நாளில் ஈரத்துக்கென்று இலை வாங்கும் ஏஜென்ட் கண்ணளவில் கழிக்கிறார் என்று நாம் பொருமுகிறோம், நியாயம்தான். ஆனால் சாக்கின் அடியில் முற்றின இலையைத் திணித்து மேலே இரண்டு இலை ஒரு கொழுந்தைப் பரப்புகிறவரும் ஞாயிறு அன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் எடை போடுகிறவரானால், காலிச் சாக்கின் எடையையும் ஈரக் கழிவையும் எதிரிலேயே சொல்லி எழுதிக் கொடுங்கள்.

30ஆம் வசனம் ஓய்வுநாளைப் பற்றியது. இது சட்டவாதம், கிருபையை விட்டு விதியைப் பிடிப்பது என்று ஒருவர் கீழே எழுதுவார், எழுதட்டும். ஏழு, பத்து நாளுக்கு ஒரு சுற்று பறிக்கிற செடிக்கு ஒரு ஞாயிறால் பெரிய நஷ்டம் வராது. கெடுவது எங்கே என்றால், சனிக்கிழமை இருட்டும் வரை பறித்துவிட்டு, பேக்டரிக்கு இலை ஏற்றும் வண்டியைத் தவறவிடுவதில். குவித்து வைத்த இலை சூடேறிச் சிவந்துவிடும், திங்கள் வரை தாங்காது. அதனால் வண்டி நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி பறிப்பை நிறுத்துங்கள். மாடு கறப்பதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடுவதைப் பற்றிய லூக்கா 14:5 பாருங்கள்.

தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, மொத்த வரவிலா, செலவு போகவா? சபைக்குச் சபை பதில் மாறும். சம்பளக்காரருக்குச் சொல்வதை அப்படியே விவசாயிக்குச் சொல்வது சரியில்லை என்பது என் எண்ணம். இலைப் பணம் 18,000 வந்து, கூலி 7,000, உரம் மருந்து 3,000 போனால், மீதி 8,000. அதில் 800. பணம் கைக்கு வந்த அன்றே காணிக்கைக் கவரில் போட்டுவிடுங்கள். ஆனால் கூலி பாக்கி இருக்கும்போது கவரை நிரப்பாதீர்கள்; கொடுக்காத கூலியைப் பற்றி யாக்கோபு 5:4 கடுமையாகவே பேசுகிறது.

கேட்காததைச் சொல்கிறேன், மன்னியுங்கள். மலைக்கு ரிட்ரீட் வருகிற சபைக் குழுக்கள் சிருஷ்டிப்பைப் பற்றி உருகிப் பாடிவிட்டு, போகும்போது பிளாஸ்டிக் பாட்டில்களைச் சோலைக்குள் வீசுகிறார்கள். 5 லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருக்கிறது. அழைத்து வருகிற போதகர்கள் பேருந்தில் ஏறும் முன்பே பைகளைப் பார்த்தால் என்ன?

உங்கள் காரியத்துக்கு வருவோம். 19ஆம் அதிகாரத்தை முடித்ததும் மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம், வாரம் ஐந்து என்றால் நான்காம் வாரத்தின் முதல் நாளில் முடியும். அடுத்து லூக்கா, அதன் முதல் அதிகாரமே 80 வசனம், அதை மட்டும் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.