வயிறு வீங்கிய கோழி

கேள்வி: எங்கள் மூன்று வயதுக் கோழி சில வாரங்களாக முட்டையிடவில்லை. வயிறு வீங்கி, பென்குவின் மாதிரி நிமிர்ந்து நிற்கிறாள். முட்டை அடைத்திருக்கிறது, எண்ணெய் தடவி அமுக்குங்கள் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அமுக்கவே அமுக்காதீர்கள். உள்ளே முட்டை இருந்தால் உடைந்துவிடும், அது உயிருக்கே ஆபத்து. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு அடைப்பாகத் தோன்றவில்லை. அடைப்பென்றால் ஓரிரு நாளிலேயே கோழி துவண்டுவிடும். மஞ்சள் கரு முட்டைக்குழாய்க்குள் போகாமல் வயிற்றறையில் விழுந்து, அழற்சியாகி நீர் கோத்திருக்கலாம். கட்டியாகவும் இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் சொல்ல முடியாது.

நீர் என்றால் மருத்துவர் ஊசியால் கொஞ்சம் எடுப்பார், மூச்சு இலேசாகும். தொற்று இருந்தால் ஆன்டிபயாடிக். அப்புறம், முட்டை உருவாவதையே நிறுத்த வேண்டும். டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் மருந்தைத் தோலுக்கடியில் வைத்தால் சினைப்பை சில மாதம் ஓய்வெடுக்கும். பிறகு மறுபடி வைக்க வேண்டும். முழுக் குணம் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் நிம்மதியான காலம் கிடைக்கும். மற்ற கோழிகள் கொத்தாதபடி தனியே வையுங்கள். மருந்துக்குப் பிறகு முட்டையிட்டால், மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.