‘டெலிவரி ஆகிவிட்டது’ என்கிறார்கள், பொருள் வரவில்லை: பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

கேள்வி: இணையத்தில் தையல் இயந்திரம் ஒன்று ஆர்டர் செய்து, கிரெடிட் கார்டில் பணம் கட்டினேன். ஒன்பதாம் நாள் ‘டெலிவரி செய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. பொருள் வரவில்லை. வாடிக்கையாளர் சேவையின் சாட்டுக்குப் போனால் ஒவ்வொரு முறையும் புது ஆள் வருகிறார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியில் ‘48 மணி நேரம் பொறுங்கள்’ என்று முடிக்கிறார்கள். கூரியரைக் கேட்டால் கடையைக் கேட்கச் சொல்கிறார்கள். ஒரு மாதம் ஓடிவிட்டது. பணம் போனது போனதுதானா? - ஒரு வாசகி

பதில்: போகவில்லை. கார்டில் கட்டியிருக்கிறீர்கள், ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது. இன்னும் வழி திறந்தே இருக்கிறது. ஆனால் இனி அந்த ‘48 மணி நேரம்’ என்ற பேச்சுக்கு ஒரு தடவைகூடத் தலையாட்டாதீர்கள். உங்கள் பணத்தைக் காப்பாற்றும் வழிகள் எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. ஒவ்வொரு ‘பொறுங்கள்’ என்ற பதிலும் அந்தக் கெடுவைத்தான் தின்றுகொண்டிருக்கிறது.

நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு. கூரியரை அமர்த்தியதும் கடைதான். பொருள் வழியில் தொலைந்ததா, வேறு வீட்டில் கொடுத்தார்களா என்று துப்புத் துலக்குவது உங்கள் வேலை இல்லை. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: கடை அமர்த்திய கூரியர் என்றால், வாங்கியவர் கைக்கோ அவர் குறிப்பிட்ட ஆளின் கைக்கோ பொருள் சேரும்வரை நஷ்டம் விற்றவருடையது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் இதேதான். அமெரிக்காவில், எத்தனை நாளில் அனுப்புவோம் என்று கடை சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். முடியாவிட்டால் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

‘டெலிவரி ஆனது’ என்பது உண்மையில் ஒரு ஸ்கேன், அவ்வளவுதான். அன்றைய கணக்கை முடிப்பதற்காக, பெட்டி வண்டியில் இருக்கும்போதே ஸ்கேன் செய்துவிட்டு மறுநாள் கொண்டுவந்து தருவதும் உண்டு. அதனால் இரண்டு மூன்று நாள் பொறுப்பது நியாயம். அதற்கு மேல், டெலிவரிக்கான ஆதாரத்தைக் கடையிடம் கேளுங்கள். கையெழுத்து வாங்கினார்களா, ஓடிபி கேட்டார்களா, படம் எடுத்தார்களா, எந்த இடத்தில் எத்தனை மணிக்கு ஸ்கேன் ஆனது? படம் அனுப்பினால் பெரிதாக்கிப் பாருங்கள். அது உங்கள் வீட்டுக் கதவுதானா, உங்கள் வாசல் தரைதானா?

எல்லாவற்றுக்கும் மேல், பார்சலின் எடையைக் கேளுங்கள். பலருக்குத் தெரியாத விஷயம் இது. மோசடி விற்பனையாளர்கள் சிலர் உங்கள் பகுதியில் வேறு யாருக்காவது ஒரு சிறிய உறையை அனுப்பிவிட்டு, அதன் டிராக்கிங் எண்ணை உங்களிடம் கொடுத்துவிடுவார்கள். திரையில் ஊர் சரியாக இருக்கும், ‘டெலிவரி ஆனது’ என்றும் காட்டும். ஆனால் கூரியரின் பதிவில் எடை ஐம்பது கிராம் என்று இருக்கும். தையல் இயந்திரம் பல கிலோ எடை. அந்த ஒரு வரியே வழக்கை உங்கள் பக்கம் சாய்த்துவிடும்.

இப்போது சாட் பேச்சை விட்டுவிட்டு மின்னஞ்சலுக்கு வாருங்கள். சாட்டில் வருபவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை; பணத்தைத் திருப்பும் அதிகாரம் பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. இதுவரை நடந்த சாட்களை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பிறகு கடையின் குறைதீர் அலுவலருக்கு இப்படிச் சுருக்கமாக எழுதுங்கள்:

“ஆர்டர் எண் இது. இந்தத் தேதியில் டெலிவரி ஆனதாகக் காட்டும் பொருள் எனக்கோ என் வீட்டில் யாருக்குமோ வந்து சேரவில்லை. இந்த இந்தத் தேதிகளில் புகார் செய்தேன், புகார் எண்கள் இவை. கையெழுத்து, படம், எடை உள்ளிட்ட டெலிவரி ஆதாரத்தை அனுப்புங்கள் அல்லது ஏழு நாளுக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். தவறினால் என் வங்கியில் புகார் செய்வேன்.”

வசவு வேண்டாம், வீட்டுக் கஷ்டம் வேண்டாம். இந்தக் கடிதம் கடைக்கு மட்டுமல்ல; நாளை வங்கி அதிகாரியும் இதைத்தான் படிப்பார். பல விற்பனையாளர்கள் விற்கும் சந்தைத் தளம் ஒன்றின் வழியாக வாங்கியிருந்தால் விற்பனையாளருக்கும் தளத்துக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.

ஏழு நாள் கழிந்ததும், எட்டாம் நாளே வங்கிக்குப் போங்கள். கேட்க வேண்டியது ‘சார்ஜ்பேக்’, அதாவது கார்டில் கட்டிய பணத்தைக் கடையிடமிருந்து வங்கி திரும்ப வாங்கித் தரும் முறை. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொருள் வராத புகாருக்குப் பொதுவாக 120 நாள் கெடு, பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கு. சில வங்கிகள் இதைவிடக் குறைவாக வைத்திருக்கும், இன்றே கேட்டுவிடுங்கள். டெபிட் கார்டுக்கும் இந்த வழி உண்டு. படிவத்தில் ‘பொருள் வரவில்லை’ என்ற காரணத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சீக்கிரம் நடக்கட்டும் என்று ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவே இல்லை’ என்று குறித்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆர்டரும் ஓடிபியும் உங்களுடையவை என்று கடை ஒரே நாளில் காட்டிவிடும். நியாயமான புகார் அங்கேயே செத்துவிடும்.

வங்கி தற்காலிகமாகப் பணத்தை வரவு வைக்கலாம். கடை பதில் சொல்லும்வரை அதைச் செலவழிக்காதீர்கள். இந்த நேரத்தில்தான் கடையிலிருந்து அன்பாக ஒரு செய்தி வரும்: “புகாரைத் திரும்பப் பெறுங்கள், உடனே பணம் அனுப்புகிறோம்.” பணம் கணக்கில் ஏறிய பிறகே திரும்பப் பெறுங்கள். ஒரு முறை முடித்துக்கொண்ட புகாரை மறுபடி திறப்பது மிகக் கடினம். பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாகக் கட்டியவர்களுக்குப் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள் உண்டு. ஆனால் முறையீட்டைத் தொடங்கிய 20 நாளுக்குள் அதை, பேபாலே தலையிட்டு முடிவு சொல்லும் உரிமைக் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானாகவே மூடிக்கொள்ளும். நேரடி வங்கிப் பரிமாற்றம் செய்தவர்கள் நிலைதான் பரிதாபம், அதைத் திரும்ப இழுக்க எளிய வழி இல்லை. முன்பின் தெரியாத கடை அதை மட்டுமே கேட்டால் அங்கே வாங்காதீர்கள்.

கடையும் அசையவில்லை, வங்கியும் கைவிரித்தது என்றால் உங்கள் நாட்டு நுகர்வோர் அமைப்புக்குப் போகலாம். இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கடையின் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி எடுக்காதீர்கள். பொருள் வராமல் தவிப்பவர்களுக்காகவே மோசடிக்காரர்கள் போலி எண்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். ‘ரீஃபண்ட் போடுகிறேன், இந்தச் செயலியை இறக்குங்கள், ஓடிபி சொல்லுங்கள்’ என்று ஆரம்பித்துக் கணக்கையே துடைத்துவிடுவார்கள். கடையின் செயலிக்குள்ளோ ரசீதிலோ இருக்கும் எண் மட்டும் போதும்.

பணம் திரும்பி வந்த பிறகு ஒரு நாள் அந்த இயந்திரம் வாசலில் வந்து நின்றாலும் நிற்கலாம். அப்போது இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. கடைக்கு எழுதி, அவர்கள் செலவில் வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சலின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.