மாலத்தீவு ட்ரிப்: கேளுங்க, சொல்றேன்!

போன இதழ்ல மாலத்தீவு பத்தி ஒரு வாசகிக்கு ரெண்டு வரியில பதில் சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் மெயிலும் வாட்ஸ்அப்புமா கேள்விங்க வந்துக்கிட்டே இருக்கு. அதனால இந்த தடவை மொத்த பக்கமும் மாலத்தீவுக்கே. நிறைய பேர் கேட்டதையே கேட்டிருந்ததால சேர்த்து பதில் சொல்லியிருக்கேன்.

கேள்வி: வணக்கம் மேடம். வர்ற ஜனவரியில எங்க 25-வது கல்யாண நாள். ஒரு ரிசார்ட்டோட வாட்டர் வில்லா (கடல் தண்ணி மேல கட்டின வீடு) ரொம்ப பிடிச்சுப்போச்சு, ஒரு நைட்டுக்கு 500 டாலர்னு போட்டிருந்தாங்க. 4 நைட்டுக்கு 2000 டாலர்னு நாங்க கணக்கு போட்டு வச்சிருந்தா, ஏஜென்ட் 3670 டாலர்னு கொட்டேஷன் அனுப்புறாரு, ஃப்ளைட் டிக்கெட் தனியாம். ஏமாத்துறாரா?
– வாசகி, கோயம்புத்தூர்

முதல்ல உங்க ரெண்டு பேருக்கும் வாழ்த்துகள் சகோதரி. ஏஜென்ட் ஏமாத்தல, அவர் சொல்ற கணக்கு சரியாத்தான் இருக்கு. நீங்க பார்த்த 500 பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி போட்டிருக்கும், பாருங்க, அதை யாரும் கவனிக்கிறதே இல்ல. முதல் பிளஸ் சர்வீஸ் சார்ஜ், பெரும்பாலும் 10 சதவீதம். ரெண்டாவது பிளஸ் டூரிசம் ஜி.எஸ்.டி., இது 2025 ஜூலையில இருந்து 17 சதவீதம், அதுவும் சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகை மேல போடுவாங்க. ஆக 500 முதல்ல 550 ஆகுது, அப்புறம் 643 டாலர் 50 சென்ட் ஆகுது. அது மேல கிரீன் டாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, ரிசார்ட்ல தங்குற ஒவ்வொருத்தருக்கும் ஒரு நைட்டுக்கு 12 டாலர், ரெண்டு பேருக்கு 24. இப்ப ஒரு நைட் 667 டாலர் 50 சென்ட்ல வந்து நிக்குது, 4 நைட்டுக்கு 2670. மிச்சம் இருக்கிற 1000 டாலர் சீப்ளேனுக்கு, அதாவது தண்ணியிலயே ஏறி இறங்குற குட்டி விமானத்துக்கு, ஒரு ஆளுக்கு போக வர 500 வீதம். வில்லா படத்தைப் பார்த்து மயங்குறப்போ இந்த சீப்ளேன் காசு கண்ணுலயே படாது.

அதனாலதான் எல்லார்கிட்டயும் சொல்றேன், வில்லாவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அந்தத் தீவுக்கு எப்படி போறதுன்னு பாருங்க. மாலத்தீவுங்கிறது ஏறக்குறைய 1190 தீவு, வடக்கு தெற்கா 800 கிலோமீட்டருக்கு மேல கடல்ல சிதறிக் கிடக்கு, பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். நாம இறங்குற வேலானா ஏர்போர்ட்டே தலைநகர் மாலே பக்கத்துல ஹுல்ஹுலேன்னு தனித் தீவுல இருக்கு. அங்க இருந்து வடக்கு மாலே, தெற்கு மாலே அட்டோல் (வட்டமா அமைஞ்ச பவளத்தீவுக் கூட்டம்) ரிசார்ட்டுக்கெல்லாம் ஸ்பீட்போட்லயே போயிடலாம், ராத்திரி இறங்கினாக்கூட கூட்டிட்டுப் போவாங்க. தூரத்துல இருக்கிற பா, ரா, லவியானி மாதிரி அட்டோலுக்கு சீப்ளேன்தான் வசதி, சில இடத்துக்கு உள்நாட்டு ஃப்ளைட்ல போய் அங்க இருந்து போட்.

சீப்ளேன் பகல்ல மட்டும்தான் பறக்கும். தண்ணியில இறங்குறதால விளக்கு போட்ட ரன்வேயெல்லாம் கிடையாது, பைலட் கண்ணால பார்த்துதான் இறக்கணும். உங்க ஃப்ளைட் சாயந்தரம் 4 மணிக்கு மேல மாலேயில இறங்குச்சுன்னா அன்னைக்கு சீப்ளேன் இல்லைன்னே வச்சுக்கங்க, ராத்திரி ஏர்போர்ட் பக்கத்துல இருக்கிற ஹுல்ஹுமாலே தீவுல ஒரு ஹோட்டல் போட்டுத் தங்கி மறுநாள் காலையில போகணும், ஆனா ரிசார்ட்ல முதல் நைட்டுக்கு காசு கட்டினது கட்டினதுதான். திரும்பி வர்றப்பவும் இதே கதைதான், காலையில 8 மணி ஃப்ளைட்னா முதல் நாளே மாலே வந்தாகணும். அதனால மத்தியானத்துக்குள்ள இறங்குற மாதிரி டிக்கெட் போடுங்க. உங்களுக்கு கொச்சி, பெங்களூரு ரெண்டுமே பக்கம், இல்லைன்னா திருச்சியிலயோ மதுரையிலயோ ஏறி கொழும்பு வழியா போகலாம். சீப்ளேன்ல பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோதான் விடுவாங்க, மிஞ்சினா தனியா காசு, ஆகவே பட்டுப்புடவை ஒண்ணு போதும்.

அந்தப் பயணம் காசுக்கு தகுந்ததான்னு கேட்டா, தகும்னுதான் சொல்வேன். 15 பேர் உட்கார்ற சின்ன ட்வின் ஆட்டர் விமானம், பைலட்டுங்க வெறுங்கால்ல, அரை ட்ராயர்ல உட்கார்ந்து ஓட்டுவாங்க. அதிகம் உயரப் போகாது, கீழ அட்டோல் ஒவ்வொண்ணும் வட்டம் வட்டமா, நடுவுல வெளிர்நீலம், ஓரத்துல சட்டுன்னு கருநீலம்னு தெரியுறப்ப என்ஜின் சத்தமே காதுல விழாது. ஆனா பட்ஜெட் இடிச்சா ஸ்பீட்போட் ரிசார்ட் எடுத்துட்டு, மிச்சமாகுற காசை சாப்பாட்டு பிளான்ல போடுங்க. அந்தத் தீவுல வேற கடையே கிடையாது, ரூம் மட்டும் போட்டுட்டுப் போனா ஒவ்வொரு வேளையும் டாலர்ல பில் ஏறும். காலையும் ராத்திரியும் சேர்ந்த ஹாஃப் போர்டாவது எடுங்க. கல்யாண நாள்னு முன்கூட்டியே ரிசார்ட்டுக்கு மெயில் போட்டுடுங்க, கேக்கு, படுக்கையில பூ அலங்காரம்னு ஏதாவது செய்வாங்க.

கேள்வி: நான் டீச்சர், எனக்கு மே மாசம்தான் லீவு. மே மாசம் மாலத்தீவு போனா மழையில மாட்டிப்போம்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க, உண்மையா?
– வாசகி, திருநெல்வேலி

பாதி உண்மை. அங்க ரெண்டே பருவம்தான். வடகிழக்குக் காத்து வீசுற காலம் டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும், வானம் தெளிவா இருக்கும், பிப்ரவரி மார்ச்சுல மழையே அபூர்வம், ரேட்டும் அப்பதான் உச்சி. மே மாசம் தென்மேற்குப் பருவம் ஆரம்பிச்சிடும், நம்ம குற்றாலத்துல சாரல் கொண்டு வர்ற அதே காத்துதான், அங்க கொஞ்சம் முன்னாடியே வந்துடும். நாள் முழுக்க கொட்டாது, ஒரு மணி ரெண்டு மணி நேரம் அடிச்சு ஊத்திட்டு வெயில் வந்துடும், சில சமயம் மூணு நாலு நாள் சேர்ந்தாப்ல மூடிக்கவும் செய்யும், அதுக்கு மனசைத் தயார் பண்ணிட்டுப் போங்க. கடல் கொஞ்சம் ஆடும், வாந்தி வர்றவங்க ஸ்பீட்போட்ல பின்பக்கம் உட்காருங்க. ரேட் நல்லாவே இறங்கும், ஜனவரியில நினைச்சே பார்க்க முடியாத ரிசார்ட் மே மாசம் கைக்கு எட்டும்.

இன்னொரு விஷயம், இந்தப் பருவத்துலதான் பா அட்டோல்ல மாண்டா திருக்கைங்க கூட்டமா வர ஆரம்பிக்கும். ஹனிஃபாரு பேன்னு ஒரு சின்ன விரிகுடா, காத்தும் நீரோட்டமும் சேர்ந்து மிதவை உயிரிங்களை அதுக்குள்ள தள்ளிக் குவிக்கும், அதைத் தின்ன மாண்டாங்க வாயைத் திறந்துக்கிட்டு ஒண்ணு பின்னாடி ஒண்ணா சுத்தும். நல்ல கூட்டம் பார்க்கணும்னா ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர், மே கடைசியில ஆரம்பம்தான். பா அட்டோல் 2011-ல இருந்து யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம், அதனால அங்க கட்டுப்பாடு உண்டு. டைவிங் கிடையாது, ஸ்நார்க்கெல் (முகத்தைத் தண்ணியில வச்சு, குழாய் வழியா மூச்சு விட்டு மிதந்துக்கிட்டே பார்க்கிறது) மட்டும், கைடு கூட வரணும், 45 நிமிஷம்தான். இந்தக் கட்டுப்பாடு இருக்கிறதாலதான் அந்த ஜீவனுங்க இன்னும் அங்க வந்துக்கிட்டு இருக்கு, அதனால கைடுக்கிட்ட இன்னும் கொஞ்ச நேரம்னு கெஞ்சாதீங்க, தயவு செஞ்சு.

கேள்வி: அப்பா அம்மாவுக்கு 70 வயசு தாண்டியாச்சு, பசங்களுக்கு 3 வயசும் 7 வயசும். எல்லாரும் சேர்ந்து வாட்டர் வில்லாவுல தங்கணும்னு ஆசை. சரிப்படுமா?
– வாசகர், சென்னை

வேண்டாம் சார். வாட்டர் வில்லாவோட டெக்ல இருந்து ஏணி நேரா கடலுக்குள்ள இறங்கும், பல இடத்துல கைப்பிடிச் சுவரே இருக்காது. 3 வயசுக் குழந்தையை வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நிம்மதியா கண்ணசர முடியாது. சில ரிசார்ட்ல சின்னக் குழந்தைங்களை வாட்டர் வில்லாவுல அனுமதிக்கிறதே இல்ல. பீச் வில்லா ரெண்டு பக்கத்து பக்கத்துல எடுங்க, அம்மா அப்பாவுக்கும் மரப்பாலத்துல நெடுந்தூரம் நடக்குற வேலை மிச்சம். பெரியவங்க இருக்கிறதால ஸ்பீட்போட்ல அரை மணி நேரத்துல போற தீவா பாருங்க, தீவுல டாக்டர் இருக்காரான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க. மாத்திரைங்களை டாக்டர் சீட்டோட அதே அட்டையில எடுத்துட்டுப் போங்க, கோடீன், டிரமடால் மாதிரி வலி மாத்திரைக்கெல்லாம் அங்க கெடுபிடி ஜாஸ்தி. கிறிஸ்துமஸ் லீவுல போறதா இருந்தா, 24-ம் தேதியும் 31-ம் தேதியும் பல ரிசார்ட்ல காலா டின்னர்னு ஒரு விருந்துக்கு கட்டாயமா காசு வாங்குவாங்க, அதையும் முதல்லயே கேட்டுடுங்க.

கேள்வி: நாங்க சுத்த சைவம். ஊறுகாய், பருப்புப்பொடி எடுத்துட்டுப் போகலாமா? வழக்கமா எங்க போனாலும் ஒரு குட்டிப் பிள்ளையார் விக்கிரகம் கையில எடுத்துட்டுப் போவேன், அதுக்கு ஏதும் பிரச்சினை வருமா?
– வாசகி, மதுரை

பிள்ளையாரை வீட்டுலயே வச்சுட்டுப் போங்கம்மா. வழிபாட்டுக்கான விக்கிரகம் உள்ள கொண்டு வர அந்த நாட்டுச் சட்டத்துல தடை இருக்கு, கஸ்டம்ஸ்ல எடுத்து வச்சுக்கிட்டா உங்களுக்குத்தான் மனசு கஷ்டம். பன்னி இறைச்சியும் சாராயமும்கூட உள்ள விடமாட்டாங்க, வீட்டுக்காரர் டியூட்டி ஃப்ரீயில பாட்டில் வாங்காம பார்த்துக்கங்க.

சாப்பாட்டுக்கு வருவோம். ஊறுகாய் பொடியெல்லாம் கடையில சீல் போட்ட பாக்கெட்டா வச்சுக்கங்க. நம்ம நாட்டுல இருந்து நிறைய பேர் போறதால பல ரிசார்ட்ல இந்திய சமையல்காரர் இருக்காங்க, முன்னாடியே மெயில் போட்டுச் சொன்னா தனியா செஞ்சு தருவாங்க. மெயில்ல வெறும் வெஜ்னு எழுதாம முட்டை, மீன் சாஸ், மாசி எதுவும் கூடாதுன்னு விவரமா எழுதுங்க. மாசிங்கிறது சூரை மீனை வேகவச்சு, புகை போட்டுக் காய வைக்கிறது, தூத்துக்குடிக்காரங்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் நல்லா தெரியும். அங்க அதுதான் கறிவேப்பிலை மாதிரி, எதுலயும் கிடக்கும். காலை பலகாரத்துல மஸ் ஹுனின்னு தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசைஞ்சு வைப்பாங்க, பார்க்க தேங்காய் சட்னி கணக்கா இருக்கும், உள்ள சூரை மீன் இருக்கு, எடுத்துடாதீங்க.

கேள்வி: புதுசா கல்யாணம் ஆச்சு, ரெண்டு பேருக்கும் சேர்த்து அவ்வளவு பெரிய பட்ஜெட் இல்ல. ஆனா ஒரு தடவையாவது வாட்டர் வில்லாவுல தங்கணும் அக்கா, வழி இருக்கா?
– வாசகி, ஈரோடு

இருக்கும்மா, தாராளமா இருக்கு. முதல் மூணு நாள் மாஃபுஷி மாதிரி ஜனங்க வசிக்கிற தீவுல கெஸ்ட் ஹவுஸ் எடுங்க, கடைசி ரெண்டு நைட் மட்டும் வாட்டர் வில்லா. சின்ன கெஸ்ட் ஹவுஸ்னா கிரீன் டாக்ஸும் பாதிதான், 6 டாலர். ஸ்நார்க்கெலிங், மணல்திட்டு, டால்ஃபின் பார்க்கிறது எல்லாத்தையும் மாஃபுஷியில முடிச்சிடுங்க, ரிசார்ட்ல அதே ட்ரிப்புக்கு ரேட் பல மடங்கு. உள்ளூர் தீவுல மது கிடையாது, நீச்சல் உடையெல்லாம் பிகினி பீச்னு தட்டி வச்சுப் பிரிச்ச இடத்துல மட்டும்தான், தெருவுல நடக்கிறப்ப தோளும் முழங்காலும் மூடின உடுப்பு போடுங்க. வெள்ளிக்கிழமை அங்க வார லீவு, அரசு ஃபெர்ரி ஓடாது, அதுக்கேத்த மாதிரி நாளை அமைச்சுக்கங்க. ரிசார்ட்ல கடைசி நாள் மத்தியானம் 12 மணிக்கே ரூமைக் காலி பண்ணச் சொல்வாங்க, அதனால போற நாள் காலையில சீக்கிரமா போய்ச் சேர்ந்துடுங்க, ரூம் ரெடியாகலைன்னாலும் பீச், நீச்சல் குளம் எல்லாம் பயன்படுத்திக்கலாம்.

கேள்வி: எனக்கு நீச்சல் சுத்தமா தெரியாது. இவ்வளவு காசு கொட்டிப் போய் நான் கரையிலயே உட்கார்ந்திருக்கணுமா?
– வாசகி, தஞ்சாவூர்

உட்காரவே வேண்டாம். ஆனா ரிசார்ட் தேர்ந்தெடுக்கிறப்ப ஒரு விஷயம் பார்க்கணும். சில தீவைச் சுத்தி பெரிய லகூன், இடுப்பளவு தண்ணி ரொம்ப தூரத்துக்குப் போகும், அடியில வெறும் மணல். சில தீவுல கரையில இருந்து கொஞ்ச தூரத்துலயே பவளப்பாறை, அதைத் தாண்டினா ஆழம், அதைத்தான் ஹவுஸ் ரீஃப்னு சொல்றாங்க. நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு ரெண்டாவது சொர்க்கம், உங்களுக்கு முதல் வகைதான். அந்த ஆழமில்லாத தண்ணியிலயே காலையில குட்டி கருமுனைச் சுறாங்க கரையோரமா வரும், முழங்கை நீளம்தான் இருக்கும், முதுகுத் துடுப்போட நுனியில மை தொட்ட மாதிரி கறுப்பு. பயப்படாதீங்க, நீங்க காலை அசைச்சா அதுதான் ஓடும். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு கைடு கையைப் பிடிச்சுக்கிட்டு முகத்தை மட்டும் தண்ணியில வச்சுப் பாருங்க, முதல் நாளே ரீஃபுக்குப் போகாம லகூன்லயே மாஸ்க் போட்டுக்கிட்டு ஸ்நார்க்கெல் குழாய் வழியா வாயால மூச்சு விடப் பழகுங்க.

நீச்சல் தெரியாதவங்ககிட்ட நான் அழுத்திச் சொல்ற ஒண்ணு, தண்ணியில பதட்டம் வந்தா கால் தானா கீழ ஊனும், அப்ப காலுக்கடியில பவளம் இருந்துடக் கூடாது. அது கல்லு இல்ல, உயிரு. வருஷத்துக்கு சில சென்டிமீட்டர்தான் வளரும், உருண்டை வகையெல்லாம் அதைவிட மெதுவா, ஒரு மிதியில பல வருஷ வளர்ச்சி போயிடும். 1998-லயும் 2016-லயும் கடல் சூடேறி அங்க பவளமெல்லாம் வெளுத்து ஏகப்பட்டது செத்துப்போச்சு, மீண்டு வந்துக்கிட்டு இருக்கிறதை நாம மிதிச்சு உடைக்கலாமா? உடைஞ்சு கிடக்கிற துண்டைக்கூட பைக்குள்ள போடாதீங்க, பவளத்தை எடுத்துட்டு வர்றது அங்க சட்டப்படி குத்தம். சன்ஸ்க்ரீன் தடவுறதுக்கு பதிலா முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கங்க, முதுகும் வெந்துபோகாது.

கேள்வி: விசா எடுக்கணுமா? இமுகாவுக்கு 50 டாலர் கட்டணும்னு ஒரு வெப்சைட் கேக்குது, கட்டலாமா? டிக்கெட் விலை வேற ஏன் இவ்வளவு கூட?
– வாசகர், நாகர்கோவில்

கட்டாதீங்க தம்பி, அது டூப்ளிகேட். இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா வேண்டாம், அங்க இறங்கினதும் இலவசமா முத்திரை குத்துவாங்க, ரிட்டர்ன் டிக்கெட்டும் தங்குற இடத்தோட புக்கிங்கும் கையில இருக்கணும். இமுகாங்கிறது அந்நாட்டு குடிவரவுத் துறையோட பயணி படிவம், காசே கிடையாது, கிளம்புறதுக்கு முன்னாடி 96 மணி நேரத்துக்குள்ள நிரப்பணும், திரும்பறப்ப இன்னொரு தடவை. டிக்கெட் விலை ஏன் இவ்வளவு கூடன்னு கேட்டிருந்தீங்க, எகானமியில திரும்பி வர்றதுக்கு டிபார்ச்சர் டாக்ஸ் 50, ஏர்போர்ட் கட்டணம் 50னு 100 டாலர் அதுக்குள்ளயே சேர்ந்திருக்கு, 2024 டிசம்பர்ல இருந்து அப்படித்தான். இங்க ஏஜென்ட்கிட்ட பேக்கேஜா எடுத்தா டி.சி.எஸ்.னு வருமான வரியில ஒரு பகுதியை முன்கூட்டியே பிடிப்பாங்க, ரசீதை பத்திரமா வச்சு வருமான வரி ரிட்டர்ன்ல கழிச்சுக்கங்க.