பெர்மிட்டும் ஸ்பேர் டிரைவரும்

அன்புள்ள ஐயா,

கிங்ஃபிஷர் விமான நிறுவனம் மூடப்பட்டதற்கு ஆடம்பரம் மட்டும் காரணமில்லை என்று சென்ற மாதக் கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது போதவில்லை.

எங்கள் குடும்பத் தொழில் பஸ். தாத்தா காலத்தில் நான்கு ரூட் பஸ்கள் ஓடின. ஐந்தாவதாக ஒன்று எப்போதும் ஷெட்டில் நின்றது. "ஓடாத வண்டிக்கு எதற்கு வரி கட்டுகிறார்?" என்று ஊரே கேலி செய்யுமாம். இந்தப் பின்னணியில்தான் கேட்கிறேன். நன்றாக உபசரித்த கிங்ஃபிஷரும் ஜெட் ஏர்வேஸும் போய்விட்டன. சாப்பாட்டைக் காசுக்கு விற்கும் இண்டிகோ கொழிக்கிறது. நம் மக்களுக்குத் தரம் தெரியவில்லை என்பதுதானே இதன் பொருள்? இன்னொன்று: கைக்குட்டை அளவுள்ள சிங்கப்பூரும் துபாயும் உலகத்தையே ஏற்றிச் செல்கின்றன. 140 கோடிப் பேர் இருக்கும் நம்மால் ஏன் முடியவில்லை?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

பஸ் வீட்டிலிருந்து கடிதம் வந்ததில் எனக்குப் பாதி வேலை மிச்சம். பெர்மிட், டைமிங், டிரிப் என்ற மூன்று சொற்களும் தெரிந்தவருக்கு விமானத் தொழிலில் புதிதாகக் கற்க அதிகமில்லை.

முதலில் டிரிப். கோலாலம்பூரில் 2006 முதல் 2014 வரை மலிவுக் கட்டண விமானங்களுக்கென்று தனி முனையம் ஒன்று இருந்தது. கிடங்கு போன்ற கட்டடம். விமானத்தோடு இணைக்கும் நடைபாலம் கிடையாது. வெயிலோ மழையோ தரையில் நடந்துபோய்ப் படியேற வேண்டும். ஏழைகளுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல என்றுதான் முதல்முறை நடந்தபோது நினைத்தேன். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கவனித்தேன். விமானம் நின்றதும் முன்னும் பின்னும் படிகள் ஒட்டின. கடைசிப் பயணி இறங்குவதற்குள் பணிப்பெண்கள் குப்பைப் பையோடு இருக்கை வரிசைகளில் இருந்தார்கள். அடியில் ஒருபக்கம் பெட்டிகள் இறங்கின, மறுபக்கம் எரிபொருள் ஏறியது. அரை மணி நேரத்துக்குள் அதே விமானம் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது. நடைபாலத்துக்கு வாடகை உண்டு, அதைவிட அது ஒரு வாசலைத்தான் பிடிக்கும். இண்டிகோ 2022ல் மூன்று வாசல் வழியாகப் பயணிகளை இறக்கத் தொடங்கியதும் இதே ஐந்தாறு நிமிடத்துக்காகத்தான். நிமிடம் சேர்ந்து சேர்ந்து நாளுக்கு ஒரு டிரிப் கூடுதலாகக் கிடைத்தால் அந்த டிரிப்புக்கு விமான வாடகை இலவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சாப்பாட்டைக் காசுக்கு விற்பது கஞ்சத்தனத்தால் மட்டுமல்ல. யாரும் சாப்பிடாத விமானத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்வது எளிது.

இண்டிகோ 2006ல் பறக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே, ஒரு விமானம்கூடக் கையில் இல்லாதபோதே, ஏர்பஸ்ஸிடம் ஒரே ரகத்தில் 100 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மொத்தமாக வாங்குபவருக்கு விலை குறையும். வந்ததும் குத்தகை நிறுவனத்துக்கு விற்றுவிட்டு அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். ஒரே ரகம் என்பதால் எந்த விமானியும் எந்த விமானத்தையும் ஓட்டலாம், உதிரி பாகம் ஒரு வகைதான். இதையெல்லாம் பயணி பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

இனி பெர்மிட். கிங்ஃபிஷரின் கதை இங்கேதான் இருக்கிறது. 1944ல் சிகாகோவில் நாடுகள் கூடி, தத்தம் வானம் தத்தமக்கே சொந்தம் என்று ஒப்புக்கொண்டன. அன்றிலிருந்து எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு யார் எத்தனை இருக்கைகளோடு பறக்கலாம் என்பது அரசுகள் இரண்டிரண்டாக உட்கார்ந்து பேசித் தீர்ப்பது. போதாததற்கு இந்தியா ஒரு விதி வைத்திருந்தது: ஐந்து ஆண்டு உள்நாட்டில் ஓட்டி, 20 விமானம் சேர்த்த பிறகுதான் வெளிநாடு. கிங்ஃபிஷர் 2005ல் பிறந்தது, பொறுமை இல்லை. 2003ல் தொடங்கிய மலிவுக் கட்டண நிறுவனமான ஏர் டெக்கானுக்கு 2008ல் ஐந்து வயது நிறைந்தது. அதன் பங்குகளை 2007ல் வாங்கி, மறு ஆண்டு இணைத்துக்கொண்டு, செப்டம்பரில் லண்டனுக்குப் பறந்தார்கள்.

பெர்மிட்டுக்காகப் பக்கத்து ஊர்க்காரரின் பஸ்ஸை வாங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியோடு அதன் கடனும் நஷ்டமும் வீட்டுக்கு வரும். ஏர் டெக்கானின் பயணி வேறு, கிங்ஃபிஷரின் பயணி வேறு. இரண்டையும் ஒரே சிவப்பில் பூசினார்கள். மலிவுக்கு வந்தவர் கட்டணத்தைப் பார்த்து இண்டிகோவுக்குப் போனார், சொகுசுக்கு வந்தவருக்கு ஏன் அதிகம் கொடுக்கிறோம் என்ற சந்தேகம் வந்தது. அந்த 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. வாடகை டாலரில், கலெக்ஷன் ரூபாயில். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றுபோனது. ஜெட் ஏர்வேஸும் 2007ல் ஏர் சஹாராவை வாங்கி, ஜெட்லைட் என்றும் ஜெட் கனெக்ட் என்றும் பெயர் மாற்றி மாற்றி இதே குழப்பத்தில் இறங்கியது. 2019 ஏப்ரலில் முடிந்தது. ஆக, நம் மக்களுக்குத் தரம் தெரியவில்லை என்பதை நான் ஏற்கவில்லை. தரத்துக்கான விலையை, அதை விற்றவர்களே கலைத்துவிட்டார்கள்.

சிங்கப்பூர், துபாய் கேள்வியைத் தலைகீழாகக் கேளுங்கள். அவர்களுக்கு உள்ளூர் ரூட்டே கிடையாது. சிங்கப்பூர் மலேசியாவோடு கூட்டாக நடத்திய நிறுவனம் 1972ல் பிரிந்தபோது உள்நாட்டு ஊர்களெல்லாம் மலேசியா பக்கம் போயின. சிங்கப்பூருக்குக் கிடைத்தது வெளிநாட்டுத் தடங்கள் மட்டும். முதல் நாளிலிருந்தே உலகத்தோடு மோத வேண்டிய நிலை. எமிரேட்ஸ் 1985ல் பாகிஸ்தானிடம் வாடகைக்கு எடுத்த இரண்டு விமானங்களோடு ஆரம்பித்தது. இவர்கள் ஏற்றுவது பெரும்பாலும் மற்ற ஊர்ப் பயணிகளை. சென்னை–துபாய் ஒரு பெர்மிட், துபாய்–லண்டன் இன்னொரு பெர்மிட். இரண்டையும் தைத்தால் சென்னை–லண்டன். அதனால்தான் துபாய்க்கு இருக்கைகளைக் கூட்டுங்கள் என்று அவர்கள் கேட்கக் கேட்க டெல்லி பல ஆண்டுகளாக அசையவில்லை. உள்ளூர்ச் சந்தை இல்லாத சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், இன்று ஏர் இந்தியாவில் 25.1 சதவீதம் வைத்திருக்கிறது, கவனித்தீர்களா? டாடாவோடு கூட்டாக இங்கே நடத்திய விஸ்தாராவை 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைத்து, மேலே பணமும் போட்டதற்குக் கிடைத்தது அது. நம் ரூட்டில் ஒரு பங்கு.

அரசு பெர்மிட்டோடு நிற்காமல் நிர்வாகத்திலும் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்டை நாட்டுக் கதை ஒன்று. இலங்கையின் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸை 1998 முதல் எமிரேட்ஸ்தான் நிர்வகித்தது. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பும் ஜனாதிபதியின் குழுவுக்கு இடம் கொடுக்க, டிக்கெட் வாங்கிய பயணிகளை இறக்க நிர்வாகம் மறுத்தது. தலைமை அதிகாரியின் வேலை அனுமதி ரத்தானது. 2008ல் எமிரேட்ஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் கிளம்பிவிட்டது.

ஆனால் நீங்கள் கேட்காத இடத்தில் ஒன்று இருக்கிறது, உங்கள் தாத்தாவின் ஷெட்டில். டிரிப்பை இறுக்கிக்கொண்டே போனால் ஒரு நாள் கயிறு அறும். விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக வேண்டும், இரவில் தரையிறங்குவது குறைய வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியிலேயே வந்துவிட்டது. முழுதாக நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில். டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவிடம் போதிய விமானிகள் இல்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றும் நிறுவனம் நின்றால் நாடே நிற்கும். மற்றவர்களின் கட்டணம் எகிற, அரசு 18,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு போட்டது. கூடவே அந்த நிறுவனத்துக்கு மட்டும் இரவுப் பணி விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியும் கொடுத்தது. ஓய்வு விதி யாருக்காக வந்ததோ, அவர்களிடமிருந்தே திருப்பி எடுத்தார்கள்.

அந்த ஐந்தாவது பஸ்ஸுக்கு உங்கள் தாத்தா டிரைவரையும் வைத்திருந்தாரா, வண்டியை மட்டும்தானா? டிரைவர் இருந்திருந்தால், சும்மா இருந்த நாட்களுக்கு அவருக்கு என்ன சம்பளம் கொடுத்தார் என்று பழைய கணக்கு நோட்டில் பார்த்து எழுதுங்கள்.