வாசகர் கேள்விகள்: நேராக்கிய ஆற்றை மறுபடி வளைத்த கதை

ஃபுளோரிடாவில் மகள் வீட்டில் நான்கு மாதம் தங்கித் திரும்பிய மன்னார்குடி வாசகி ஒருவரின் கேள்வியைச் சென்ற இதழில் வெளியிட்டு, பதிலை இந்த இதழுக்குத் தள்ளிவைத்திருந்தோம். அதற்குள் எவர்கிளேட்ஸ் என்ற அதே சதுப்புநிலத்தைப் பற்றி வேறு சிலரும் எழுதிவிட்டதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

*ஆர்லாண்டோவில் என் மகள் வீட்டருகே ஷிங்கிள் கிரீக் என்றொரு ஓடை இருக்கிறது. எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். அந்தச் சதுப்புநிலம் தெற்கே மயாமிக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது? — மன்னார்குடி வாசகி*

பலகை சொல்வது சரிதான். ஷிங்கிள் கிரீக்கில் விழும் மழைநீர் தொடர்ச்சியாக இருக்கும் பல ஏரிகளைக் கடந்து கிஸ்ஸிமி ஏரியை அடைகிறது. அங்கிருந்து கிஸ்ஸிமி ஆறாகப் புறப்பட்டு ஒக்கிசோபி ஏரியில் கலக்கிறது. அந்த ஏரியின் பெயருக்கு ஹிச்சிட்டி என்ற பழங்குடி மொழியில் ‘பெரிய தண்ணீர்’ என்று பொருள். சுமார் 1,900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரியின் சராசரி ஆழம் 9 அடிதான். ஏரி என்பதைவிட, நிரம்பி நிற்கும் பெரிய தாம்பாளம் என்று சொல்லலாம். முன்பெல்லாம் மழைக்காலத்தில் தாம்பாளத்தின் தெற்கு விளிம்பு வழிந்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் தரையோடு தரையாகத் தெற்கே நகர்ந்து, புல்வெளிகளைக் கடந்து, ஃபுளோரிடா விரிகுடாவில் சேர்ந்தது. ஆர்லாண்டோவிலிருந்து கடல் வரை 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இந்த வழி முழுவதும் ஒரே வடிநிலம்.

காவிரியின் கடைமடையில் இருக்கும் தங்களுக்கு, வாட்டம் இல்லாத நிலத்தில் தண்ணீர் எப்படித் தயங்கித் தயங்கிப் போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எவர்கிளேட்ஸில் அந்த வாட்டம் ஒரு கிலோமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் அளவே. நின்று பார்ப்பவருக்கு அது தேங்கிய குட்டையாகத்தான் தெரியும். ஆனால் அது ஓடும் நீர். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் போனதால்தான் அங்கே பின்னால் நடந்த பெரும்பாலான தவறுகள் நடந்தன என்பது என் கருத்து.

*‘புல் ஆறு’ என்று அதைச் சொல்கிறார்களே, அது என்ன புல்? — நாகர்கோவில் வாசகர்*

உண்மையில் அது புல்லே அல்ல, கோரை. ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘ரம்பப்புல்’ என்று வரும். நம் பாய்க்கோரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆளுயரத்துக்கு மேலும் வளரும் அதன் இலையை அடியிலிருந்து நுனி நோக்கித் தடவினால் விரலுக்கு ஒன்றும் ஆகாது. நுனியிலிருந்து அடி நோக்கி இழுத்தால், ஓரத்திலும் நடு நரம்பிலும் இருக்கும் நுண்ணிய பற்கள் தோலைக் கிழித்துவிடும். நிலத்தை அளக்கப் போனவர்களின் உடைகளை அது கிழித்த கதைகள் பழைய குறிப்புகளில் நிறைய உண்டு.

இந்தக் கோரை, சத்தே இல்லாத நீரில் வாழப் பழகியது. பாஸ்பரஸ் 100 கோடியில் 10 பங்கைத் தாண்டினாலே போதும், சம்பு புகுந்து கோரையைத் துரத்திவிடுகிறது. உரமிட்ட வயல்களின் வடிகால் நீரை முதலில் செயற்கைச் சதுப்புகளில் தேக்கித் தெளியவைத்த பிறகே உள்ளே விட வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது இதனால்தான். கோரை வளர்ந்து, சாய்ந்து, நீருக்கடியில் முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்ததே அங்குள்ள ‘பீட்’ என்னும் கரிய மண். சுண்ணாம்புப் பாறைமேல் அது சேர்ந்தது கடந்த 5,000 ஆண்டுகளில். நிலவியல் கணக்கில் எவர்கிளேட்ஸ் மிகவும் இளையது. மனிதர்கள் அதற்கு முன்பே ஃபுளோரிடாவில் குடியிருந்தார்கள்.

*அப்படியானால் அங்கே வாழ்ந்தவர்கள் யார்? இப்போது எங்கே இருக்கிறார்கள்? — யாழ்ப்பாணத்து வாசகி*

தென்மேற்குக் கரையில் கலூசா மக்கள் இருந்தார்கள். விவசாயம் செய்யாமல் மீனையும் சிப்பியையும் நம்பியே ஓர் அரசைக் கட்டியவர்கள்; சிப்பி ஓடுகளைக் குவித்து அவர்கள் எழுப்பிய மேடுகள் இன்றும் இருக்கின்றன. 1521-இல் குடியேற்றம் அமைக்க வந்த ஸ்பானியர் போன்ஸ் தெ லியோன் அவர்களுடைய அம்பில் காயப்பட்டுத்தான் இறந்தார். ஆனாலும் ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்களும் அடிமை பிடிக்கும் வேட்டைகளும் 18-ஆம் நூற்றாண்டுக்குள் அவர்களை இல்லாமல் ஆக்கிவிட்டன. சதுப்பின் நடுவே மரங்கள் அடர்ந்து நிற்கும் திட்டுகளில் சில, பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிய எலும்பும் சாம்பலும் சேர்ந்து உயர்ந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குப்பைமேட்டின்மேல் காடு வளர்ந்திருக்கிறது.

பின்னர் வந்தவர்கள் செமினோல் மக்கள். வடக்கே ஜார்ஜியா, அலபாமா பக்கமிருந்து தள்ளப்பட்டு வந்த கிரீக் என்ற பழங்குடி இனத்தாரும், அவர்களோடு சேர்ந்துகொண்ட, அடிமைத்தளையிலிருந்து தப்பிய கறுப்பின மக்களும் அதில் அடக்கம். 1830-இல் பழங்குடியினரை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் சட்டம் வந்தபோது அவர்கள் மறுத்துப் போரிட்டார்கள். தலைவர் ஓசியோலா 1837-இல் சமாதானக் கொடியின்கீழ் பேச வந்த இடத்தில் பிடிக்கப்பட்டார். மூன்றாவது போர் 1858-இல் முடிந்தபோது சில நூறு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள், அவர்களும் படை நுழைய முடியாத சதுப்புக்குள். சைப்ரஸ் மரத்தைக் குடைந்த ஓடமும், பனை இனத்தைச் சேர்ந்த மரத்தின் ஓலை வேய்ந்து, சுவரின்றி, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய ‘சிக்கீ’ என்ற குடிலும் அவர்களைக் காத்தன. அவர்களுடைய வழித்தோன்றல்களான செமினோல் குடியை 1957-இலும் மிக்கசூக்கி குடியை 1962-இலும் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. இரு குடிகளும் இன்றும் அங்கேயே இருக்கிறார்கள்.

*சதுப்பை வடித்து விளைநிலமாக்குவது நல்ல காரியம்தானே? அதில் என்ன தவறு கண்டீர்கள்? — திருச்சி வாசகர்*

தங்களைப் போலத்தான் அன்று எல்லோரும் நினைத்தார்கள். 1881-இல் ஹாமில்டன் டிஸ்டன் என்ற பிலடெல்பியா தொழிலதிபர் ஃபுளோரிடா அரசிடமிருந்து 40 லட்சம் ஏக்கரை ஏக்கர் 25 சென்ட் விலைக்கு வாங்கிக் கால்வாய் வெட்டத் தொடங்கினார். 1905-இல் ஆளுநர் பதவியேற்ற நெப்போலியன் பிரவர்ட், சதுப்பை வடிப்பதாக வாக்களித்தே தேர்தலில் வென்றவர். ஒக்கிசோபியின் தென்கரையில் கரிய மண் வெளிப்பட்டது, காய்கறியும் கரும்பும் விளைந்தன, ஊர்கள் எழுந்தன. ஏரிக்கும் ஊருக்கும் நடுவே இருந்ததோ தாழ்வான ஒரு மண்கரை.

1928 செப்டம்பர் 16 இரவு அடித்த சூறாவளியில் ஏரித் தண்ணீர் தெற்கு நோக்கித் தள்ளப்பட்டு அந்தக் கரை உடைந்தது. இறந்தவர்கள் குறைந்தது 2,500 பேர். அவர்களில் பெரும்பாலோர் வயல்வேலைக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். சவப்பெட்டிகள் வெள்ளையருக்கு மட்டும் போனதால், வெஸ்ட் பாம் பீச்சில் கறுப்பினத்தார் 674 பேர் பெயரின்றி ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். அந்த இடம் பல பத்தாண்டுகள் ஓர் அடையாளமும் இல்லாமல் கிடந்தது. அதன் பிறகு ஏரியைச் சுற்றி எழுந்த ஹெர்பர்ட் ஹூவர் கரையின் இன்றைய நீளம் 230 கிலோமீட்டர். கரை உயிர்களைக் காக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் தாம்பாளத்தின் விளிம்பு அன்றோடு அடைபட்டது. தெற்கே இயல்பாக வழிந்த நீர் மதகுக்காரர் கைக்குப் போனது.

விளைநிலத்தைப் பற்றியல்லவா கேட்டீர்கள்? பெல் கிளேடு என்ற ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் 1924-இல் 9 அடி நீளக் கான்கிரீட் கம்பம் ஒன்றை, அடி பாறையில் ஊன்றி நிற்க, தலை தரைமட்டத்தோடு இருக்கும்படி இறக்கினார்கள். இன்று அந்தக் கம்பம் 6 அடிக்கு மேல் வெளியே தெரிகிறது. கம்பம் எழும்பவில்லை, மண் இறங்கிவிட்டது. நீருக்கடியில் இருக்கும்வரை மக்காத பீட், நீரை வடித்தவுடன் காற்றுப் பட்டு, நுண்ணுயிர்களுக்கு இரையாகி, கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. 5,000 ஆண்டுச் சேமிப்பு ஒரு நூற்றாண்டில் இவ்வளவு கரைந்திருக்கிறது. தாங்கள் சொல்லும் விளைநிலத்தின் கணக்கில் இதையும் செலவாக எழுத வேண்டும்.

*அங்கே நத்தையை மட்டும் தின்னும் பருந்து உண்டு என்பது உண்மையா? — வேதாரண்யம் மாணவர்*

ஏறக்குறைய உண்மை. நத்தைப் பருந்தின் முக்கிய உணவு நீர்நத்தை. நம் வயல்களில் நத்தைகுத்தி நாரை உடைத்துத் தின்னும் நத்தையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அதுவும். வளைந்த மெல்லிய அலகை ஓட்டுக்குள் நுழைத்துச் சதையைப் பிரித்தெடுக்கும். அண்மைக்காலத்தில் தென் அமெரிக்காவிலிருந்து பெரிய நத்தை ஒன்று அங்கே வந்து பரவியபோது பருந்து பட்டினி கிடக்குமோ என்று அஞ்சினார்கள். பத்தாண்டு காலத்திலேயே பருந்துகளின் உடலும் அலகும் பெரிதாகி வருவதை 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

*எவர்கிளேட்ஸில் மலைப்பாம்பு பிடிக்க நம் ஊர் இருளர்கள் போனார்களாமே? — செங்கல்பட்டு வாசகர்*

போனார்கள். 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரை ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் மாநில வனவிலங்குத் துறையும் அழைத்தன. வளர்ப்புக்கு வாங்கியவர்களால் விடப்பட்டும் தப்பியும் பெருகிய பர்மிய மலைப்பாம்பு அங்கே பெருந்தொல்லை. அது பரவிய இடங்களில் ரக்கூன் என்ற சிறு விலங்குகள் காணப்படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012-இல் ஓர் ஆய்வு சொன்னது. புல்லோடு புல்லாகக் கிடக்கும் அந்தப் பாம்பைத் தேடி அங்குள்ளவர்கள் களைத்துப்போயிருந்த நிலையில், நம்மவர்கள் பாம்பைத் தேடாமல் தடத்தைத் தேடினார்கள்: எச்சம், உரித்த சட்டை, மண்ணில் வயிறு அழுந்திய கோடு. முதல் இரண்டு வாரத்தில் 13 பாம்புகள் கிடைத்தன. அவற்றில் நான்கு, கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தில் அகப்பட்டவை. ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

*கிஸ்ஸிமி ஆற்றை நேராக்கிவிட்டு, பிறகு அதே அரசாங்கம் மறுபடி வளைத்ததாக மகள் சொன்னாள். நம்ப முடியவில்லை. — மன்னார்குடி வாசகியின் இரண்டாம் கேள்வி*

நம்பலாம். கிஸ்ஸிமி ஆறு 166 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாம்புபோல் நெளிந்து, ஆண்டின் பெரும்பகுதி இருகரையும் மீறி, ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் அகல வெள்ளச் சமவெளியை நனைத்துக்கொண்டிருந்தது. 1947-இல் அடுத்தடுத்து வந்த சூறாவளிகளால் அந்தப் பகுதி மாதக்கணக்கில் மூழ்கிக் கிடக்கவே, மக்கள் அரசிடம் முறையிட்டார்கள். 1954-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. 1962 முதல் 1971 வரை ராணுவப் பொறியாளர் படை ஆற்றின் நடுவே 90 கிலோமீட்டர் நீளம், 90 மீட்டர் அகலம், 9 மீட்டர் ஆழத்தில் ஒரு கால்வாயை வெட்டி முடித்தது. அதற்கு வைத்த பெயர் சி-38. ஆறு பெயரை இழந்து எண்ணைப் பெற்றது.

வெள்ளம் வடிந்தது உண்மை. அதோடு சுமார் 12,000 ஹெக்டேர் சதுப்பும் வடிந்தது. குளிர்காலத்தில் வந்திறங்கும் நீர்ப்பறவைகள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. நாரைகளும் கொக்குகளும் இருந்த இடத்தில் மாட்டுக்குப் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்குகள் நின்றன. மதகுகளுக்கு நடுவே அசையாமல் நின்ற கால்வாய் நீரில் பிராணவாயு குறைந்து நல்ல மீன்கள் போயின. பழைய நெளிவுகள் துண்டுபட்டு, ஆகாயத்தாமரை மூடி, அடியில் சேறு படிந்தன. முன்பு சமவெளியில் பரவி நின்ற நீர் இப்போது மாட்டுப்பண்ணைக் கழிவோடு நேரே ஒக்கிசோபிக்கு விரைந்தது.

கால்வாய் முடிந்து ஐந்தே ஆண்டில், 1976-இல், அதைச் சீர்செய்ய வழி தேடும் சட்டத்தை ஃபுளோரிடா சட்டமன்றம் இயற்றிவிட்டது. 1984-இல் கால்வாயின் குறுக்கே இரும்புத் தடுப்புகள் வைத்துச் சோதித்தபோது நீர் பழைய நெளிவுகளுக்குள் தானாகத் திரும்பியது. 1992-இல் நாடாளுமன்ற அனுமதி, 1999-இல் வேலை தொடக்கம், 2021 ஜூலையில் நிறைவு. செலவு கிட்டத்தட்ட 100 கோடி டாலர். வெட்டும்போது கரையில் குவித்த மண் முப்பது ஆண்டுகளாக அப்படியே மேடாகக் கிடந்தது. அதையே தள்ளிக் கால்வாயை மூடினார்கள்.

நீர் திரும்பியபோது நடந்தது பலரையும் வியக்க வைத்தது. பழைய ஆற்றடியில் படிந்திருந்த சேற்றை ஓட்டம் அடித்துக்கொண்டு போய் வெள்ளை மணல் திட்டுகளைக் காட்டியது. மேய்ச்சல் நிலமாக மாறியிருந்த சமவெளியில், மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த சதுப்புச் செடிகளின் விதைகள் யாரும் விதைக்காமலே முளைத்தன. வாத்துகளும் உள்ளான்களும் திரும்பின.

ஆனால் தங்கள் மகள் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. மூடப்பட்டது 35 கிலோமீட்டர்; அதனால் 71 கிலோமீட்டர் ஆறு மீண்டும் இணைந்து ஓடுகிறது. மேலும் கீழுமாக மீதமுள்ள 55 கிலோமீட்டர் இன்றும் சி-38 கால்வாய்தான். அதை மூடினால், கால்வாயை நம்பிக் குடியேறியவர்களின் வீடுகளுக்குள் தண்ணீர் போய்விடும்.